மேகம் இல்லாத மூன்று படங்கள்

மலேசியாவில், ஜொகூர் பக்கம் ஸ்கூடாயில் நான் கூட்டித் துடைக்கிற கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருப்பவர்களுக்குப் படம் பார்ப்பதுதான் வேலை. சினிமா இல்லை. வானத்தில் சுற்றுகிற கேமரா எடுத்து அனுப்பும் படங்கள். காடு எவ்வளவு போயிற்று, எந்த ஏரி வற்றியது, எங்கே புதிதாக எண்ணெய்க்குச் செம்பனை வைத்தார்கள் என்று அதைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

அந்தப் படங்களில் காடு சிவப்பாக இருக்கும். முதல் நாள் பார்த்துவிட்டு எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று நினைத்தேன். கேட்கவில்லை. ஆறாம் வகுப்போடு தோட்டத்துப் பள்ளியை விட்டு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனவள் நான். படித்தவர்கள் முன்னால் நின்றால் எனக்கு வாய் ஒட்டிக்கொள்ளும். குப்பைக் கூடையை எடுத்துக்கொண்டு அவர்கள் முதுகுக்குப் பின்னால் போய்விடுவேன். நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சத்தைப் பச்சை இலை திருப்பி அடிக்கிறது, அந்தக் கேமராவுக்கு அது தெரியும், அதைத்தான் சிவப்பாகப் போட்டுக் காட்டுகிறார்கள் என்பது எனக்குத் தெரியவே இரண்டு வருஷம் ஆயிற்று. அதுவும் யாரோ விருந்தாளிகளுக்குச் சொன்னபோது ஜன்னல் துடைத்துக்கொண்டே கேட்டதுதான்.

அங்கே ஒரு டாக்டர் இருக்கிறார். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, படித்து வாங்கிய டாக்டர். நம் தமிழ்ப் பெண்தான், நாற்பது தாண்டியவர், ஜொகூர் பாருவில் பிறந்து வளர்ந்தவர். ஒரு நாள் அவர் மேசையில் பெரிய திரையில் ஓர் ஏரி இருந்தது. கறுப்பாகத் தண்ணீர், ஒரு பக்கம் கோடு போட்டது போல அணைக்கட்டு, எதிர்ப்பக்கம் இரண்டாகப் பிரிந்து மேட்டுக்குள் போகிறது. நான் துணியை மேசையில் வைத்தபடி நின்றுவிட்டேன்.

"ஆண்ட்டி, ரொம்ப நேரமா அதே எடத்தயே துடைக்கிறீங்க. மேசை தேஞ்சிரும் லா."

"இது எங்க தோட்டம்," என்றேன்.

"எது? இந்த ஏரியா?"

"ஏரி அப்பறமா வந்தது. முன்னாடி ரப்பர்தான்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். அந்த நாற்காலிகளைத் துடைத்திருக்கிறேனே தவிர உட்கார்ந்ததில்லை. விளிம்பில் உட்கார்ந்தேன். ஏரிக்கு மேலே இருந்த காட்டை வெட்டியதால் மழைக்கு மண் இறங்கி ஏரி தூர்ந்துகொண்டு வருகிறதாம். வெயில் காலத்தில் மிஷின் இறக்கிச் சேற்றை அள்ளப் போகிறார்கள், எந்த மூலையில் எவ்வளவு சேறு என்று படம் பார்த்துச் சொல்லும் வேலை தன்னுடையது என்றார். தண்ணீருக்கு அடியில் முன்பு என்ன இருந்தது என்று தெரிந்தால் நல்லது, ஆனால் சொல்வதற்கு ஆளில்லையாம்.

நான் சொன்னேன். வாழ்க்கையில் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். இது எங்கள் வரிசை வீடுகள் இருந்த பழைய லயம், இது ரப்பர் காய வைத்த புகைக்கூடம், இது கோயில். அவர் ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி வைத்தார்.

"இந்த மூலைலதான் சேறு அதிகம். மொதல்ல இங்கதான் அள்ளுவாங்க. இங்க என்ன இருந்துச்சு?"

"பழைய சுடுகாடு. தண்ணி விடுறதுக்கு முன்னாடியே ஆம்பளைங்க பொதச்சதையெல்லாம் தோண்டி எடுத்து, இந்த மேட்டுல கொண்டுபோயி வச்சிட்டாங்க. என் பிள்ளையும் அங்கதான் இருக்கு."

அவர் புள்ளி வைக்கவில்லை. "ஸாரி ஆண்ட்டி," என்றார்.

பிள்ளைக்கு அப்போது பதினொரு மாதம். பெண் குழந்தை. காய்ச்சலோடு லாரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. எங்கள் பக்கம் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. லயத்து முனையோடு நின்றுவிட வேண்டும். என் வீட்டுக்காரர் பிள்ளையைக் கையில் ஏந்திக்கொண்டு போனார், நான் குழாயடியில் நின்று பார்த்தேன். அணைக்கட்டு வந்தபோதும் அப்படித்தான். ஆண்கள் மண்வெட்டியோடு போய் மூன்று நாள் கழித்து வந்தார்கள். வெளியிலேயே குளித்துவிட்டு வீட்டுக்குள் வந்தார்கள். எல்லாவற்றையும் மாற்றியாயிற்று என்றார்கள். தீபாவளிக்கு முதல் நாள் கல்லறைக்குப் போய்ப் பால் ஊற்றிவிட்டு வருவது மட்டும் பெண்களுக்கும் உண்டு. அதற்கும் இரண்டு வருஷம் விடவில்லை. மேட்டில் யானை நடமாட்டம், வராதீர்கள் என்றார்கள். மூன்றாம் வருஷம் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொருத்திக்கும் அவளவள் மண்மேட்டைக் காட்டினார்கள். எனக்குக் காட்டியது கடைசி வரிசையில் சின்னதாக ஒன்று. பக்கத்து வீட்டுக்காரிக்கு அதையொட்டி இரண்டு. அவளும் நானும் அன்றிலிருந்து ஒரு வருஷமும் தவறியதில்லை. தோட்டம் மூடி, ஆளுக்கொரு பக்கம் வீடு மாறிய பிறகும் அவள்தான் வேன் பிடித்து எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போவாள்.

ஒரு வாரம் கழித்து டாக்டர் என்னைக் கூப்பிட்டார். ஜொகூரை மேலே இருந்து படம் பிடிப்பது பெரிய பாடு, எப்போது பார்த்தாலும் மேகம் மூடிக்கொள்கிறது என்று அவர் திட்டாத நாளில்லை. அந்தக் காலத்துப் படங்களில் மேகம் இல்லாதவை மூன்றுதான் கிடைத்தனவாம். மூன்றையும் பக்கம் பக்கமாகத் திரையில் வைத்திருந்தார்.

"ஆண்ட்டி, நீங்க சொன்னதுல ஒரு சந்தேகம். மொத படத்துல ஏரி இல்ல. ரெண்டாவதுல தண்ணி ஏறிடுச்சு, பழைய சுடுகாட்டு மூலை முழுக்கக் கறுப்பு. சரியா?"

"சரிதான்."

"அதே ரெண்டாவது படத்துல உங்க மேட்டப் பாருங்க. முழுச் சிவப்பு. ஒரு மரம்கூட வெட்டல. ரெண்டு வருஷம் கழிச்சு எடுத்த மூணாவதுலதான் அங்க வெள்ளையா வெட்டவெளி தெரியுது. வேற எங்கயாச்சும் மாத்தி வச்சிருந்தாங்களா?"

நான் திரைக்குப் பக்கத்தில் குனிந்தேன். அவர் சுட்டியை வைத்துப் பெரிதாக்கினார். பெரிதாக்கப் பெரிதாக்கப் படம் சதுரம் சதுரமாக உடைந்தது. ஒரு சதுரம் எவ்வளவு பெரிது என்று கேட்டேன். நம் லயத்து வீடு ஒரு வரிசை அதற்குள் அடங்கிவிடும் என்றார். மனிதர்கள் தெரிய மாட்டார்கள், குழி தெரியாது. காடு நிற்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும். காடு நின்றது.

எனக்குப் புரிந்தது அவருக்கும் அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். "படத்த நான் தப்பா அடுக்கியிருக்கலாம் ஆண்ட்டி," என்றார். அவர் தப்பாக அடுக்குகிறவர் இல்லை.

என் வீட்டுக்காரர் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. மண்வெட்டியோடு போனவர்களில் உயிரோடு இருப்பவர் என் கொழுந்தன் ஒருவர்தான், கூலாயில் மகள் வீட்டில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். சர்க்கரை வியாதியில் ஒரு கால் எடுத்தாயிற்று. டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க அண்ணி. என்ன அதிசயம், தீபாவளிகூட வரல, மழ கொட்டப் போவுது."

"தம்பி, நீங்க பிள்ளைங்கள எடுத்தீங்களா?"

"எந்தப் பிள்ளைங்கள?"

"பழைய சுடுகாட்டுல."

டிவியில் சத்தத்தைக் கூட்டினார். நான் போய் அதை நிறுத்தினேன். அப்படி ஒரு காரியத்தை நான் யார் வீட்டிலும் செய்ததில்லை.

"யாரு சொன்னது?" என்றார்.

"மேலருந்து எடுத்த படம் இருக்கு. மேட்டுல காடு அப்படியே நிக்குது."

தன் கால் இருந்த இடத்தைப் பார்த்தார்.

"மொத நாளு ஒரு குழி தோண்டுனோம் அண்ணி. நம்மள வேல வாங்குன பெரிய தண்டலோட அப்பா குழி. தோண்டத் தோண்டக் கீழருந்து தண்ணி ஊறுது, கைக்கு ஒண்ணும் சிக்கல. மறுநாளு மழ. மூணாம் நாளு போனா முழங்கால் தண்ணி, அணைக்கட்டுக் கதவ மூடிட்டானுங்க. ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணி பேப்பர நீட்டுறாரு, எல்லாம் மாத்தியாச்சுன்னு கையெழுத்துப் போட்டாத்தான் புது வீட்டுச் சாவின்னாரு. போட்டோம். பொம்பளைங்களுக்குச் சொல்லக் கூடாதுன்னு முனியாண்டி முன்னாடி சத்தியம் பண்ணிக்கிட்டோம். சொல்லியிருந்தா நீங்க எல்லாம் ஏரில போயி விழுந்திருப்பீங்க."

"அந்த மண்மேடெல்லாம்?"

"கணக்குக்குக் குவிச்சோம்." கொஞ்சம் பொறுத்து, "அண்ணன் மட்டும் பிள்ளையோட சட்ட ஒண்ணு கொண்டாந்து உள்ள வச்சாரு," என்றார்.

அந்தச் சட்டையை எலி இழுத்துக்கொண்டு போய்விட்டது என்று நான் லயத்துக் கூரையெல்லாம் தேடியிருக்கிறேன்.

டாக்டரிடம் சொன்னேன். அழுதுவிடுவேனோ என்று பயந்து, தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன். ஏரியைப் பார்க்கிற ஆபீஸுக்கு அவர் உடனே எழுதினார், அந்த மூலையில் சேறு அள்ள வேண்டாம், கீழே குழிகள் அப்படியே இருக்கின்றன என்று. பதில் சீக்கிரமே வந்தது. சுடுகாடு முழுக்க மாற்றப்பட்டதற்குக் கையெழுத்தோடு பத்திரம் இருக்கிறது, நகல் இணைத்திருக்கிறோம். படத்தை மட்டும் வைத்து அதைத் தள்ள முடியாது. கையெழுத்துப் போட்டவர் யாராவது வந்து அது உண்மையில்லை என்று எழுதிக் கொடுத்தால் நிறுத்துகிறோம் என்றார்கள். நான் எழுதிக் கொடுத்தால் செல்லுமா என்று கேட்டேன். நீங்கள் அங்கே இருந்தவர் இல்லையே என்றார் டாக்டர். உண்மைதான். எந்தப் பெண்ணும் அங்கே இருந்ததில்லை.

நகலில் ஒன்பது கையெழுத்து. என் வீட்டுக்காரருடையது மூன்றாவது, சாய்ந்த எழுத்து. அதை எடுத்துக்கொண்டு திரும்பவும் கூலாய்க்குப் போனேன்.

"எழுதிக் குடுங்க தம்பி. நீங்க ஒரு ஆளுதான் இருக்கீங்க."

"எழுதுனா எல்லாருக்கும் தெரியும். உங்க பக்கத்து வீட்டு அக்கா இருக்காங்களே, ரெண்டு பிள்ளைங்கள மண்ணுக்குக் குடுத்தவங்க. அவங்க மூஞ்சிய நான் பாக்கணும்."

"மிஷினு அள்ளிரும்."

"இத்தன வருஷம் கழிச்சு அள்றதுக்கு என்னா அண்ணி இருக்கு? பிஞ்சு எலும்பு. கரைஞ்சிருக்கும்."

"கரைஞ்சாலும் அங்கதானே இருக்கு."

"அவங்க இப்ப நிம்மதியா பால் ஊத்திட்டு வராங்க. நான் செத்த பொறவு என்னமோ பண்ணிக்குங்க. என் கையால வேணாம்." பிறகு, "வேணும்னா அந்த அக்காவக் கேட்டுட்டு வாங்க. அவங்க எழுதச் சொன்னா எழுதுறேன்," என்றார்.

அது நியாயமான பேச்சுத்தான். அதற்கு அப்புறம் எல்லாம் என் வாயில்தான் இருந்தது.

அவள் வீட்டுக்கு இரண்டு தடவை போனேன். முதல் தடவை அவள் முறுக்கு பிழிந்துகொண்டிருந்தாள். என்னையும் அச்சைப் பிடிக்க வைத்துவிட்டாள். மேட்டில் இருக்கும் தன் பிள்ளைகளுக்கு இந்த வருஷம் சுற்றிலும் சிமெண்ட் பூசப் போவதாகச் சொன்னாள். உன்னுடையதற்கும் சேர்த்துச் சொல்லிவிட்டேன், நீ கேட்க மாட்டாய் என்று தெரியும் என்றாள். நான் எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் தடவை வாசலில் நின்று, அவள் பேத்தியிடம் ஒரு பை நார்த்தங்காயைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தேன். டாக்டர் தினமும் கேட்டார். நாளைக்கு, நாளைக்கு என்றேன். வெயில் கொளுத்தியது. ஏரி இறங்கியது.

ஒரு காலை டாக்டர் கூப்பிடவில்லை. நானாகத்தான் போய்ப் பின்னால் நின்றேன். திரையில் புதுப் படம், மேகமே இல்லை. இந்தக் காலத்துக் கேமராவுக்கு ஒரு லாரிகூடத் தெரிகிறது. ஏரியின் அந்த மூலை கத்தியால் நறுக்கியது போல நேராக இருந்தது. அங்கிருந்து ஒரு வெள்ளைப் பாதை கிளம்பி, ஐந்தாறு மைல் தள்ளி, புது வீடுகள் வரப்போகிற தாமானுக்கு மேடு கட்டுகிற இடத்தில் போய் முடிந்தது. அள்ளிய சேற்றை அங்கே நிரப்பியிருக்கிறார்கள் என்றார் டாக்டர். வீட்டு மனைகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. நான் எண்ண ஆரம்பித்து நிறுத்திவிட்டேன்.

"நீங்க சொல்லியிருந்தா..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. நல்ல மனுஷி. நான் குப்பைக் கூடையை எடுத்துக்கொண்டு போனேன்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் பழைய பக்கத்து வீட்டுக்காரி போன் செய்தாள்.

"காலைல ஏழு மணிக்கு வேன். கடைசி சீட்ட ஒனக்குப் புடிச்சு வச்சிருக்கேன்."

"இந்த வருஷம் நான் வரல. கால் வலிக்குது."

"வேலைக்கு மட்டும் ஒத்தக் கால்லயா போற? வேன் கொண்டுபோயி எறக்குது, நீ என்னா நடந்தா வரப் போற?"

"முடியல."

"ஒனக்கு என்னமோ ஆயிடுச்சு. ரெண்டு மாசமா ஒரு மாதிரியாத்தான் இருக்கே. வந்து நிக்கிறே, பேசாம போறே. மனசுல என்னா இருக்கு, சொல்லு."

அவள் மூச்சு விடுவது கேட்டது. கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். எனக்காக யாரும் அவ்வளவு நேரம் காத்திருந்ததில்லை.

"ஒண்ணும் இல்ல," என்றேன்.

"சரி விடு. ஒன் பிள்ளைக்கும் நானே ஊத்திட்டு வரேன். சிமெண்ட்டு நல்லா வந்திருக்கு, போட்டோ எடுத்து அனுப்புறேன் பாரு."

"அனுப்பு," என்றேன்.