அன்டோரா ரக்பி டீமுக்கு ஆரணியில் நெய்த டை

பட்டுக்கு டிசைன் போடுகிறவனுக்கு எப்போதும் ஒரு பயம் இருக்கும். அட்டையில் ஒரு ஓட்டை தப்பாக விழுந்தால் அதே தப்பு துணி முழுக்க வரும். கிராஃப் பேப்பரில் கட்டம் எண்ணிக் கண்ணைக் கெடுத்துக்கொண்ட என் சகாக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: நாங்கள் கட்டத்தில் வரைவோம், வரைந்தபடி அட்டையில் ஓட்டை குத்துவோம், அந்த அட்டை தறிமேல் இருக்கும் பெட்டியில் ஓடி எந்த நூல் எழ வேண்டும் என்று சொல்லும். ஆரணியில் நான் இருபது வருஷம் செய்த வேலை இது. அத்தனை வருஷத்தில் என்னை அதிகம் பயமுறுத்திய ஆர்டர் முகூர்த்தப் புடவை அல்ல, இருபத்தாறு கழுத்து டை.

நம்ம டவுன் அளவு நாடு

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருஷம் ஆகியிருக்கும். சென்னை ஏஜென்ட் போன் செய்தார். பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே மலைமேல் அன்டோரா என்று ஒரு நாடு, அவர்களுடைய ரக்பி டீமுக்குப் பட்டு டை வேண்டும், நாட்டின் டீம், ஜாக்கிரதை என்றார். "நாட்டின் டீம்" என்றதை இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னேன். ரக்பி என்றால் என்னவென்றும் தெரியாது. பள்ளிக்கூட லைப்ரரிக்குப் போய் அட்லஸைத் தேடினேன். அந்த நாட்டின் பேரை எழுத நாட்டுக்குள் இடம் இல்லாமல் வெளியே கோடு இழுத்து எழுதியிருந்தார்கள்.

நெய்யப்போவது வசந்தா. எங்கள் தெருவில் டிசைன் தறியில் அவளுக்கு ஈடு கிடையாது. மொத்த ஜனமும் கிட்டத்தட்ட நம் ஆரணி அளவுதான், விளையாடுகிறவர்கள் எல்லாரும் வேறு வேலை பார்த்துவிட்டு ஓய்வு நேரத்தில் ஆடுகிறவர்கள், சம்பளம் கிடையாது என்று ஏஜென்ட் சொன்னதை அவளிடம் சொன்னேன். அவள் ஊடு நூல் ஓட்டும் நாடாவை ஒரு பக்கம் வைத்துவிட்டு யோசித்தாள்.

"ஆரணி அளவுதானாணா? அப்ப நம்ம வார்டு கவுன்சிலரு அங்க போனா பிரதமர் ஆயிடுவாரே!"

விழுந்த ஆடு

டை முழுக்க ஒரு மலையாட்டின் உருவம் திரும்பத் திரும்ப வர வேண்டும். ஃபேக்ஸில் வந்த படத்தில் கொம்பும் கறுப்புத் தீற்றலும்தான் தெரிந்தன. படவேட்டுப் பக்கம் மலையடிவாரத்தில் ஆடு மேய்ப்பதைப் பார்த்தவன் என்கிற தைரியத்தில் மூன்று நாள் உட்கார்ந்து வரைந்தேன். சின்ன ஆடு, கம்பீரமாக நின்றது. வசந்தா மாதிரிக்கு ஒரு முழம் நெய்தாள். சென்னையில் டையாகத் தைத்து அனுப்பினார்கள்.

டைத் துணியைக் கோணலாக வெட்டித் தைப்பார்கள், அப்போதுதான் முடிச்சுக்கு வளையும். அதனால் துணியில் ஆட்டைச் சாய்த்து நெய்தால்தான் டையில் அது நேராக நிற்கும். புடவை டிசைனரான எனக்கு இது தெரியாது. டீமின் செயலாளர் ஜோர்டி என்பவர், தொழிலில் பல் டாக்டர். அவரிடமிருந்து பதில் வருவதற்குள் ஆர்டர் போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன். பிரவுசிங் சென்டரில் அவருடைய மெயிலைத் திறந்தபோது இரண்டே வரி.

"டை அழகாக இருக்கிறது, ஆனால் எல்லா ஆடும் விழுந்துகொண்டிருக்கிறது. மைதானத்தில் நாங்கள் விழுவது போதாதா?"

கண்ணமங்கலத்தில் காணாமல் போனவர்

ஜோர்டி தன் வருஷ லீவில் இந்தியா வந்தார். ஆட்டை நிமிர்த்தி நான் போட்ட புது டிசைனைக் கண்ணால் பார்த்தே தீர வேண்டும் என்று ஆரணிக்கும் கிளம்பிவிட்டார். வேலூரில் பஸ் ஏறிவிட்டேன் என்று போன் வந்தது. ஒரு மணி நேரத்தில் வர வேண்டியவர் இரண்டரை மணி நேரமாகியும் வரவில்லை. ஒரு நாட்டு டீமின் செயலாளரை நடுவழியில் தொலைத்தவன் என்று பெயர் வாங்கப்போகிறோமே என்று வியர்த்துப்போய் டி.வி.எஸ்ஸை எடுத்துக்கொண்டு எதிர்த் திசையில் போனேன். எதிரே வந்த ஒவ்வொரு பஸ்ஸின் ஜன்னலையும் பார்த்துக்கொண்டு ஓட்டியதில் இரண்டு தடவை பள்ளத்தில் இறங்கினேன்.

கண்ணமங்கலத்தில் பஸ் பஞ்சராகி நின்றிருந்தது. டீக்கடையில் ஒரு கும்பல். நடுவில் ஆறடிக்கு மேல் ஒரு வெள்ளைக்காரர், கன்னம் வீங்கிய ஒரு விவசாயியின் வாயை டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உயிர் வந்தது. அவரும் என்னைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த டீக்கடைக்காரர் என் காதருகே வந்தார்.

"பல் டாக்டருன்னு சொல்லிகினு எல்லாரு வாயயும் பாக்குறாருங்க, ஆனா இவுருக்கே முன்னாடி ரெண்டு பல்லக் காணமே?"

கேள்விக்குறி

அந்தப் பல் இரண்டும் போனது ரக்பியில்தான். தறிக் கொட்டகையில் உட்கார்ந்து ஜோர்டி எனக்குத் தெரிந்த இங்கிலீஷிலேயே ஆட்டத்தை விளக்கினார். முன்னால் ஓட வேண்டும், கையால் பந்தைப் பின்னால் இருப்பவனுக்குத்தான் தர வேண்டும், ஓடுகிறவனைக் கட்டிப் பிடித்துக் கீழே தள்ளலாம். நாட்டுக்காக ஒரு நிமிஷமாவது களத்தில் இறங்கினவனுக்கு மட்டும்தான் இந்த டை. ஆட்டம் முடிந்து எதிர் டீமோடு உட்கார்ந்து சாப்பிடும்போது கட்டிக்கொள்வார்கள்.

டையின் பின்பக்கம் ஒவ்வொருவர் பெயரும் நெய்ய வேண்டும் என்று ஒரு பட்டியல் கொடுத்தார். இருபத்தாறு பெயர். அதற்குக் கீழே தனியாக இன்னொரு பெயர், மார்க். பக்கத்தில் கேள்விக்குறி. அவன் ரொட்டி சுடுகிறவனாம். பொழுது விடிவதற்குள் அடுப்பு வேலையை முடித்துவிட்டு, சாயங்காலம் பயிற்சிக்கு ஒரு நாள் தவறாமல் வருவானாம். பதினோரு வருஷமாக மாற்று ஆட்டக்காரனாக ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறான், ஒரு தடவைகூட உள்ளே கூப்பிடவில்லை. வயது முப்பத்தெட்டு. வரப்போகும் ஆட்டத்தோடு நிறுத்திக்கொள்ளப்போவதாகச் சொல்லியிருக்கிறான். "அவன் பெயரை நெய்து, அவன் ஆடாமல் போனால் அந்த டையை நான் எங்கே ஒளிப்பேன்? நெய்யாமல் விட்டு, அவன் ஆடிவிட்டால் என்ன சொல்வேன்?" என்று ஜோர்டி தலையைப் பிடித்துக்கொண்டார்.

முன்பின் பார்த்திராத ஒரு ரொட்டிக்காரனுக்காக நானும் கவலைப்பட ஆரம்பித்துவிட்டேன். வசந்தாவுக்கு விஷயத்தைத் தமிழில் சொன்னேன். அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதுக்கு இன்னாணா இவ்ளோ பேஜாரு? மாப்ள வூட்டுல சரின்னு சொல்றதுக்கு முன்னாடியே எத்தினி பொண்ணுக்குப் பொடவ நெஞ்சிருக்கோம், ஜல்தியா அட்டைய குத்திக் குடு."

ஒரு எழுத்து

இருபத்தேழு டைகளும் கூரியரில் போய்ச் சேர்ந்துவிட்டன என்று தகவல் வந்தது. ஆட்டம் சனிக்கிழமை. வியாழக்கிழமை காலை பெயர் அட்டைகளைக் கட்டி எடுத்துவைக்கும்போது ஜோர்டியின் பட்டியலையும் பக்கத்தில் வைத்து ஒருமுறை பார்த்தேன். ஏன் பார்த்தேனோ! மார்க்கின் பெயர் அவர்கள் மொழியில் 'சி' எழுத்தில் முடிகிறது. நான் 'கே' போட்டுக் குத்தியிருந்தேன். பதினோரு வருஷம் காத்திருந்தவன் பெயரிலா போய் இந்தத் தப்பு விழ வேண்டும்!

மறைத்துவிடலாமா என்று அரை நாள் யோசித்தேன், அதை உங்களிடம் மறைக்கவில்லை. பிறகு பிரவுசிங் சென்டருக்குப் போய் உள்ளதை உள்ளபடி எழுதினேன். வெள்ளி பதில் இல்லை. சனி இல்லை. ஞாயிறு கடை திறக்கவில்லை. திங்கள்கிழமை ஷட்டர் தூக்கும்போதே வாசலில் நின்றேன். வசந்தாவும் வந்திருந்தாள். நாடா ஒரு நாள் நின்றாலும் சகிக்காதவள், தறியை நிறுத்திவிட்டு வந்திருந்தாள்.

ஜோர்டி எழுதியிருந்தார். மோசமாகத் தோற்றார்களாம். கடைசி ஆறு நிமிஷம் இருக்கும்போது ஒருவனுக்குத் தோள் நழுவ, மார்க்கை உள்ளே அனுப்பினார்கள். இரண்டு தடவை பந்து அவன் கைக்கு வந்தது. இரண்டாம் தடவை நாலு பேர் அவன்மேல் விழுந்தார்கள், அவன் பந்தை விடவில்லை. சாப்பாட்டு மேசையில் டை கொடுத்தபோது ஜோர்டியே எழுத்துப் பிழையைச் சொல்லி, திரும்ப நெய்து வாங்கித் தருகிறேன் என்றாராம். மூக்கில் பஞ்சு வைத்திருந்த மார்க் டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மாற்றக் கூடாது என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டானாம். அவன் சொன்னதை ஜோர்டி அப்படியே எழுதியிருந்தார். நான் வசந்தாவுக்குப் படித்துக் காட்டினேன். மார்க் சொன்னதை இரண்டாம் தடவையும் படிக்கச் சொன்னாள்.

"இருக்கட்டும் விடுங்கள், நம் ஊர்ப் பத்திரிகை என் பெயரைத் தப்பாகக்கூட ஒரு தடவை போட்டதில்லை."

இருபது வருஷத் தொழிலில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: பயந்து பயந்து செய்தாலும் தப்பு வரும், என்ன, பயந்தவன் கண்ணில் அது முதலில் படும்.