கடுகு தெரிகிற கல்

எங்கள் வீட்டில் சமைப்பது என் கணவர். அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மறுவாரம் அடுப்படிக்குள் போனவர்தான், அதற்குப் பிறகு வெளியே வரவில்லை. எனக்கு இன்னும் ஆபீஸ் இருக்கிறது. சாப்பாடு நன்றாகவே இருந்ததால் நானும் தலையிடவில்லை.

திருநகர் வீட்டுச் சமையல் மேடை அப்போது கருப்புக் கடப்பா கல். ஒருநாள் கத்தரிக்காயோடு விரலையும் சேர்த்து நறுக்கிக்கொண்டார்.

"கல்லும் கருப்பு, கத்திப் பிடியும் கருப்பு. மனுசன் எதைப் பாத்து வெட்டுறது? வெள்ளைக் கல்லு போட்டுருவோம்" என்றார்.

"மொதல்ல கண் டாக்டரைப் பாப்போம்" என்றேன் கிண்டலாக.

"நைட் பஸ் ஓட்டுன கண்ணு இது. கல்லுதான் சரியில்ல."

செய்தி கேட்டு நாத்தனார் போன் செய்தார். "கருப்பு கிரானைட்டே போடுண்ணே. அழுக்கே தெரியாது."

"அழுக்கு தெரியாம இருந்தா அதுக்குப் பேரு சுத்தமா?" என்று கேட்டு போனை வைத்துவிட்டார் இவர்.

வாடிப்பட்டிக்குப் போகும் வழியில் ஒரு கல் கடைக்குப் போனோம். கடைக்காரர் கோரிப்பாளையத்து பாய். நேராக என்னைப் பார்த்து, "அக்கா, உங்களுக்கு என்ன கலர்ல வேணும்?" என்றார்.

"சமைக்கிறது அவருங்க."

பாய் மரியாதையாகச் சிரித்துவிட்டு, மறுபடி என்னிடமே கேட்டார்.

என் கணவர் பையைத் திறந்து மஞ்சள்தூள், புளிக்கரைசல், எலுமிச்சம்பழம், கடுகு எல்லாவற்றையும் வெளியே எடுத்தார். பாய் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

"அண்ணே, கறி எடுத்துட்டு வரச் சொல்லவா?"

"துண்டுக் கல்லு இருந்தாக் குடுங்க, போதும்."

வெள்ளை மார்பிளில் எலுமிச்சை பட்ட இடம் கொஞ்ச நேரத்தில் பளபளப்புப் போய் மங்கியது. மஞ்சளும் போகவில்லை. குவார்ட்ஸ் என்ற செயற்கைக் கல்லில் மஞ்சள் துடைத்ததும் போய்விட்டது. ஆனால் பாயே சொன்னார்: "இதுல சூடா சட்டிய இறக்கி வச்சீங்கன்னா தடம் விழுந்துரும்ணே." என் கணவர் எதையும் சூடாகத்தான் இறக்கி வைப்பார். கடைசியாக, சாம்பல் புள்ளி போட்ட வெளிர் கிரானைட்டைக் காட்டி, "இது எம்புட்டு சூடும் தாங்கும்" என்றார் பாய்.

என் கணவர் ஒரு பிடி கடுகை எடுத்து அதன்மேல் தூவினார். "எங்க கடுகு? காணோமே. புள்ளியோட புள்ளியாப் போயிருச்சு பாருங்க." ஜெயித்த மாதிரி இருந்தது குரல். அடுத்து, வெள்ளைக் குவார்ட்ஸிலும் தூவினார். "இதுல பாருங்க, பளிச்சுன்னு..."

சொல்லி முடிக்கவில்லை. குனிந்தார். மூக்கு கல்லில் இடிக்கும்வரை குனிந்தார். பிறகு உள்ளங்கையால் கல்லைத் தடவித் தடவிப் பார்த்தார். வெள்ளைக் கல்லில் அத்தனை கடுகும் எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. பாய்க்கும் தெரிந்தது. அவர், "டீ சொல்றேன்" என்று எழுந்து போய்விட்டார்.

இத்தனை நாள் இவருக்கு லொள்ளு என்றுதான் நினைத்திருந்தேன். நானே கடுகைக் கூட்டி அள்ளிப் பையில் போட்டேன். 

"அடுப்புப் பக்கம் கிரானைட்டு, காய் நறுக்குற பக்கம் வெள்ளை. ரெண்டும் போடுவோம்" என்றேன். "திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

அவர் கல்லைப் பார்த்துக்கொண்டே, "சரி" என்றார். டீ வந்தது. குடித்தோம்.

இரண்டு கண்ணிலும் புரை. ஒன்று முடிந்து சில வாரம் கழித்து மற்றொன்று என ஆபரேஷன் நடந்தது. அதற்கிடையில் மேடையும் வந்து பொருந்திவிட்டது. புகை, சூடு பக்கம் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் புது மேடையில் முதலில் சமைத்தது நான். அவர் கருப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு சாப்பிட்டார். குறை சொல்லவில்லை. ஊறுகாய் மட்டும் நிறையப் போட்டுக்கொண்டார்.

இனி சமைக்கலாம் என்று டாக்டர் சொன்ன மறுநாள் காலையிலேயே அடுப்படிக்குள் போனார். மேடையை ஓரம் ஓரமாகப் பார்த்தார். அடுத்து என்னைப் பார்த்தார்.

"உனக்கு முடி இம்புட்டா நரைச்சிருக்கு?"

"ரொம்ப நாளாச்சுங்க."

"சொல்லவே இல்ல."

 கூடையிலிருந்த வெண்டைக்காயைக் கழுவி அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, ஆபீசுக்குக் கிளம்பினேன்.