கக்கூஸ் பூட்டுக்கு ஒரு செபம்

சத்தமில்லாமல் செபிக்க எனக்கு வராது. கற்றுக்கொள்ளவும் போவதில்லை. அடுப்பு பற்றவில்லை என்றால் ஊதிக்கொண்டே ஆண்டவரிடம் சொல்வேன். குழாயில் தண்ணீர் நின்றுபோனால் காலிக் குடத்தை இடுப்பில் வைத்தபடி மாதாவிடம் முறையிடுவேன். ஞாயிற்றுக்கிழமை முழங்காலில் நின்று சொல்வதுதான் செபம், மற்றதெல்லாம் புலம்பல் என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். எனக்குத் தெரிந்த செபம் இதுதான். ஒருமுறை இதற்காக வேலையையே விட்டு நிற்க வேண்டி வந்தது. அப்போதும் நான் குரலைத் தாழ்த்தவில்லை.

கல்யாணம் முடிந்து நாகர்கோவில் பக்கத்திலிருந்து மட்டாஞ்சேரிக்கு வந்தது எழுபதுகளின் தொடக்கத்தில். கணவருக்கு வெலிங்டன் தீவில் கப்பல் சரக்கு இறக்குகிற வேலை. எனக்குக் கடைத்தெருவில் ஒரு சுக்குப் பாண்டிகசாலையில் இடம் கிடைத்தது. சரக்குக் கிடங்கை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். முன்வாசல் தெருவைப் பார்த்திருக்கும், பின்வாசல் காயலைப் பார்த்திருக்கும். வள்ளத்தில் வந்து இறங்கும் சுக்கை நாங்கள் பெண்கள் தரையில் உட்கார்ந்து முறத்தில் புடைத்து, பூச்சி அரித்ததைத் தள்ளி, நல்லதைத் தரம் பிரிப்போம். சுக்கு வெளுக்கப் பூசிய சுண்ணாம்பின் தூசி தலையிலும் கண்ணிமையிலும் படிந்து, மத்தியானத்துக்குள் சின்னப் பெண்களும் நரைத்துப்போவார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் தூக்குப்பாத்திரத்தைத் திறந்ததும் நான் சிலுவை போட்டு, "ஆண்டவரே, இந்தச் சோற்றுக்கு நன்றி" என்று நாலு பேருக்குக் கேட்கிற மாதிரிதான் சொல்வேன். முதலில் மற்றவர்கள் சிரித்தார்கள். பிறகு நான் முடிக்கிறவரை சோற்றில் கை வைக்காமல் இருக்கப் பழகிவிட்டார்கள். எங்களில் மூத்தவர் ஒரு முஸ்லிம் அம்மா. இத்தா என்று கூப்பிடுவோம். அவர் தன் பாட்டுக்கு 'பிஸ்மி' சொல்லிக்கொள்வார். என் செபம் யாருக்கும் இடைஞ்சலாக இருக்கவில்லை.

அப்படியிருக்க, புதிதாக ஒரு மேஸ்திரி வந்தார். பெண்கள் அடிக்கடி எழுந்து போகிறார்கள், வேலை கெடுகிறது என்று சொல்லி, பின்வாசலருகே எங்களுக்கென்று இருந்த ஒரே கக்கூஸுக்குப் பூட்டுப் போட்டார். சாவி அவர் மேசையில். போக வேண்டுமானால் சுமை தூக்கும் ஆட்கள் நடுவே நடந்துபோய், அவரிடம் கைநீட்டிக் கேட்க வேண்டும். "இப்பத்தானே போனது?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்பார். வெட்கத்தில் பெண்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள். அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுக்குப் புடைத்தோம்.

எங்களில் இளையவளுக்கு அப்போது நிறைமாதம். ஒருநாள் காலையில் அவள் சாவி கேட்கப் போனாள். மேஸ்திரி ஒரு வியாபாரியோடு பேசிக்கொண்டிருந்தவர், திரும்பிக்கூடப் பார்க்காமல், நில் என்று கையைக் காட்டினார். நின்றாள். நின்ற இடத்திலேயே அவளை மீறிச் சிறுநீர் போய்விட்டது. புடவை நனைந்து, தரையில் கிடந்த சாக்கு நனைந்து, அத்தனை ஆண்கள் முன்னால் அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இத்தாதான் ஓடிப்போய்த் தன் தலைத்துணியை எடுத்து அவளைச் சுற்றிப் போர்த்திக் கூட்டி வந்தார்.

அன்றைக்கு மத்தியானம் தூக்குப்பாத்திரத்தைத் திறந்தேன். எனக்குச் சோறு தெரியவில்லை, அவள் முகம்தான் தெரிந்தது. சிலுவை போட்டேன்.

"ஆண்டவரே, இந்தச் சோற்றுக்கு நன்றி. எங்க கக்கூஸைத் திறந்து விடும். சாவி யாரு கையில இருக்குன்னு உமக்குத் தெரியும். அந்தக் கைக்கு உரியவனுக்கும் ஒரு தாய் உண்டுன்னு அவனுக்கு ஞாபகப்படுத்தும். ஆமென்."

மேஸ்திரி மேசையிலிருந்து தலையைத் தூக்கினார். இத்தா நிதானமாக, "ஆமீன்" என்றார். அவருக்குப் பின்னால் ஒவ்வொரு பெண்ணாகச் சொன்னார்கள். ஆமென் என்றால் என்னவென்று தெரியாதவர்களும் சொன்னார்கள்.

மறுநாளும் அதே செபம். அதற்கடுத்த நாளும். மேஸ்திரி எழுந்து வந்தார்.

"எந்தா இது? இது பள்ளியோ பாண்டிகசாலையோ?" பள்ளி என்றால் அங்கே மாதா கோயில்.

"சாப்பிடதுக்கு முன்ன செபிக்கேன், சேட்டா. எப்பவும் உள்ளதுதானே."

"செபமா? என்னையில்லே ஏசுறது!"

"உங்க பேரை நான் சொல்லலையே. உங்களுக்கு அப்படித் தோணிச்சுன்னா, அதை ஆண்டவர்கிட்டதான் நீங்க கேக்கணும்."

முதலாளி எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்தவர்தான். திருநாளில் முன்வரிசையில் நிற்கிறவர். அந்த ஞாயிறு பூசை முடிந்ததும், பாதிரியார் என்னை நிறுத்தினார். அச்சன் என்றுதான் அங்கே கூப்பிடுவோம். நல்ல மனிதர். ஆனால் முதலாளி சொல்லச் சொன்னதைச் சொல்ல வந்திருக்கிறார் என்று முகத்திலேயே தெரிந்தது.

"செபம் மனசுக்குள்ளே மதி, அது போதும், மோளே. தெய்வத்துக்குக் காது கேக்கும்."

"கேக்கும், அச்சா. பின்னே நீங்க ஏன் மைக் வச்சு செபிக்கீங்க?"

பின்னால் நின்ற, மணியடிக்கிற கோயில் பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அச்சன் கோபப்படவில்லை. "அந்தப் பூட்டுக் காரியம் சத்தியமோ?" என்று கேட்டார். முதலாளி அவரிடம் பூட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, ஊர்ப் பேச்சில்தான் காதில் விழுந்திருக்கிறது. நான் அந்த நிறைமாதப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "நான் உன்னிட்ட ஒண்ணும் பறஞ்சில்ல" என்று, தான் எதுவும் சொல்லாததாக வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு உள்ளே போனார். அதற்குமேல் அவர் எதுவும் செய்யவில்லை. என்னைத் தடுக்கவும் இல்லை.

திங்கட்கிழமை வாசலிலேயே மேஸ்திரி கையைக் குறுக்கே வைத்தார். "இனி வரண்டா." இனிமேல் வர வேண்டாமாம்.

வீட்டுக்குத் திரும்பி நடந்தேன். பாதி வழியில் நின்றேன். தூக்குப்பாத்திரம் கனத்தது. காலையில் பொங்கிய சோறு. எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கடை நிழலில் ஒதுங்கியிருந்து, சாப்பாட்டு நேரமானதும் பாண்டிகசாலைக்கு எதிரே தெருவோரம் போய் உட்கார்ந்தேன். மூடியைத் திறந்தேன். சிலுவை போட்டேன். அதே செபத்தை, இந்தமுறை தெருவைத் தாண்டி உள்ளே கேட்கும்படி சொன்னேன். கைவண்டி இழுத்து வந்த ஆட்கள் நின்றார்கள். சாக்குக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். நான் நிறுத்தவில்லை. ஆமென் என்று நான் முடித்ததும், கிடங்குக்குள்ளிருந்து பெண்களின் குரல் அதே வார்த்தையைத் திருப்பிச் சொன்னது.

அன்று சாயங்காலம் கணவர் விஷயத்தைக் கேட்டுக் கவலையோடு உட்கார்ந்திருந்தார். "நாளைக்கும் போகப் போறியா?"

"போவேன். நீங்க வேண்டாம்னு சொன்னாலும் போவேன்."

"வேண்டாம்னு சொல்லல. வெயில் அடிக்கும். குடையை எடுத்துக்க."

மறுநாள் குடையோடு போனேன். அதற்குள் கடைத்தெரு முழுக்கச் செய்தி பரவியிருந்தது. சுமை தூக்குகிறவர்கள் வேலையை நிறுத்தி, பீடி பற்றவைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார்கள். அந்தச் செபத்தை அவர்களும் கேட்டார்கள். கக்கூஸ் என்ற வார்த்தை வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. முதலாளியே வெளியே வந்துவிட்டார்.

"உனக்கு என்ன வேணும்?"

"உங்ககிட்ட ஒண்ணும் கேக்கலை, முதலாளி. கேக்க வேண்டிய இடத்துல கேட்டுட்டு இருக்கேன்."

அவர் முகம் சிவந்தது. நான்கு பக்கமும் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி மேஸ்திரியை ஒரு சத்தம் போட்டார். பூட்டைக் கழற்றும் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. ஆனால் இத்தா வாசல்வரை வந்து, "மோளே, திறந்நு!" என்று கத்தியது கேட்டது. அதன் பிறகுதான் சோற்றை எடுத்து வாயில் வைத்தேன்.

அந்த வாரக் கடைசியில் என்னைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டார்கள். மேஸ்திரி என்னிடம் பேசுவதை விட்டுவிட்டார். நிறைமாதக்காரிக்குப் பெண் குழந்தை பிறந்தது.

பிறகு கோயிலில் சில பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள். செபத்தில் போய்க் கக்கூஸைப் பேசலாமா என்றார்கள். ஆண்டவர் மனுஷ உடம்பெடுத்து வந்தவர், உடம்பின் அவஸ்தை அவருக்குத் தெரியாதா என்று கேட்டேன். அது செபமல்ல, சமரம் என்று ஒரு சேட்டன் சொன்னார். சமரம் என்றால் போராட்டம். இரண்டும் ஒன்றாக இருக்கக்கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது?

கேட்டதெல்லாம் கிடைத்தது என்று நான் சாட்சி சொல்லப்போவதில்லை. எண்பதுகளில் துறைமுகத்தில் ஒரு சரக்குக் கட்டு கணவரின் காலில் விழுந்தது. அதே சத்தத்தில்தான் கேட்டேன். கால் சரியாகவில்லை. பங்கிலிருந்து ஒரு செபக்கூட்டம் வீட்டுக்கு வந்தது. இது ஆண்டவர் சித்தம், ஏற்றுக்கொள்கிறேன் என்று என்னைச் சொல்லச் சொன்னார்கள்.

"சாயா குடிங்க. இருங்க. எல்லா செபமும் சொல்வோம். அதை மட்டும் என் வாயால சொல்லச் சொல்லாதீங்க" என்றேன்.

நான் செபமாலையை எடுத்தேன். கணவரின் காலைத் தலையணையில் ஏற்றி வைத்துவிட்டு, முழங்காலில் நின்று, அந்தக் காலைத் திருப்பித் தரும்படி மறுபடியும் கேட்க ஆரம்பித்தேன்.