ஐந்து வீட்டுக்கு ஒரே கையெழுத்து

போன செவ்வாய்க்கிழமை யாழ்ப்பாணத்தில் ஒரு அரச கந்தோரில் எனக்கு நல்ல மரியாதை கிடைத்தது. கதிரை தந்தார்கள். பெயர் கேட்டார்கள். பிறகு ஒரு பைலைத் திறந்து, நான் எதை எதிர்த்து முறைப்பாடு கொடுக்கப் போனேனோ, அதற்கு நானே சம்மதம் கொடுத்திருந்த கடிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தார்கள்.

ஒரு சம்மதம் இல்லை. ஐந்து! ஐந்து வீட்டுக்கு ஐந்து பெயர். கையெழுத்துப் போட்ட கை மட்டும் ஒன்று — என்னுடையது.

சிரிக்க வேண்டாம். கதையைக் கேளுங்கள்.

இந்தப் பக்கத்தை வாரம் தவறாமல் வாசிக்கிறவர்களுக்கு என் வீட்டுச் சாவிக்கொத்தைப் பற்றித் தெரிந்திருக்கும். புங்குடுதீவில் எங்கள் ஒழுங்கையில் வீடுகள் நிறைய, ஆட்கள் கொஞ்சம். வெளிநாட்டிலிருக்கும் மூன்று குடும்பங்களின் சாவி என்னிடம். நாலாவது சாவி பக்கத்து வளவு பரமேசக்காவுடையது. வவுனியாவிலுள்ள மகளிடம் போகும்போதெல்லாம் தந்துவிட்டுப் போவார். டெங்குப் பரிசோதனைக்கு வந்தாலும், வாக்காளர் இடாப்புக்கு வந்தாலும், பார்சல் வந்தாலும் "டீச்சர், இதிலை ஒரு கையெழுத்து" என்பார்கள். நானும் போட்டுவிடுவேன். முற்றம் கூட்டுவது போல, சாமிப்படத்துக்கு விளக்கு வைப்பது போல, அதுவும் சாவிக்காரியின் வேலை. தீவுப்பகுதியில் யாரும் இதைத் தப்பென்று நினைப்பதில்லை.

அப்படியிருக்கும்போதுதான் எங்கள் ஒழுங்கைக்கு டேற்றா சென்ரர் வந்தது.

ஓம், டேற்றா சென்ரர்தான். வெளிநாட்டில் வசதியாக இருக்கும் எங்கள் ஊர்க்காரர் ஒருவர், பூட்டிக் கிடந்த தன் பெரிய வீட்டைத் திருத்தி, உள்ளே கணினிகளை அடுக்கி, அறைக்கு அறை குளிரூட்டி பூட்டினார். யார் யாருடைய தகவல்களோ அங்கே பத்திரமாக இருக்குமாம். கரண்ட் ஒரு நொடியும் நிற்கக் கூடாதாம். நின்றால்? அதற்குத்தான் பின்வளவில் ஒரு பெரிய ஜெனரேற்றர்.

ஜெனரேற்றர் வைக்க அயலவர்களின் சம்மதம் வேண்டும் என்று மனேஜர் ஒரு கடதாசியோடு வந்தார். பண்பான மனிதர். தேத்தண்ணி கொடுத்தேன்.

"கரண்ட் போனால் மட்டும்தான் ஓடும் டீச்சர். உங்களுக்கு ஒரு கரைச்சலும் இராது."

"எங்கை போடவேணும்?"

"இதிலை. மற்ற நாலு வீட்டையும் ஆர் பாக்கிறது?"

"நான்தான்."

போட்டேன். பரமேசக்கா அந்தக் கிழமை வவுனியாவில் நின்றார். அவருக்கும் சேர்த்துப் போட்டேன். தேத்தண்ணி ஆறுவதற்குள் ஐந்து வீடும் சம்மதித்துவிட்டது!

கடிதத்தை வாசித்தீர்களா என்றுதானே கேட்கிறீர்கள்? வாசித்திருந்தால் இந்த வாரம் வேறு ஏதாவது எழுதியிருப்பேன்.

கரண்ட் போனால் மட்டும் என்றார்கள். சனிக்கிழமை தோறும் காலையில், கரண்ட் இருக்கும்போதே, ஒரு மணித்தியாலம் ஓட்டினார்கள். கேட்டால், பரிசோதனையாம். அது நியாயம்தான். அவசரத்துக்கு உதவாத ஜெனரேற்றர் இருந்தென்ன? ஆனால் புகைக்குழாய் கூரைக்கு மேலே போகவில்லை. பரமேசக்காவின் குசினி யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றது. சரி... யன்னலைச் சாத்தலாம். கிணற்றை என்ன செய்வது?

எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல் நிலம். மேலே ஊற்றியது கீழே போக அதிக காலம் எடுக்காது. ஜெனரேற்றருக்கு டீசல் நிரப்பி வைத்த தாங்கிக்கும் பரமேசக்காவின் கிணற்றுக்கும் நடுவில் இருப்பது ஒரு மதில் மட்டும். எங்கள் ஒழுங்கையில் மற்றக் கிணறுகள் எல்லாம் உவர். மிச்சமிருக்கும் நாங்கள் எல்லோரும் குடிப்பது அந்த ஒரு கிணற்றுத் தண்ணீரைத்தான்.

ஒருநாள் பரமேசக்கா செம்போடு வந்தார்.

"குடிச்சுப் பார்."

வாயருகே கொண்டு போகும்போதே டீசல் மணத்தது. மேலே மெல்லிய படலம், வெயிலில் நிறம் நிறமாக மினுங்கியது.

"இனி நான் எங்கை போய்த் தண்ணி அள்ளுறது? மகளோடை போய் இருக்கச் சொல்லுறியோ?"

இடம்பெயர்வு, யுத்தம், விசா எதுவும் அசைக்காத மனுசி அவர். இத்தனை பேர் போன ஊரில் போகாமல் இருப்பவரை ஒரு ஒழுகல் தாங்கி ஊரைவிட்டுக் கலைப்பதா?

மனேஜரிடம் போனேன். "எங்களட்டை லைசன்ஸ் இருக்கு டீச்சர்" என்று பைலைக் காட்டினார். சத்தம்: சரி. புகை: சரி. தாங்கி ஒழுகினால் டீசலைத் தடுத்து வைக்கும் சீமெந்துத் தொட்டி: அதற்கும் சரி என்று அடையாளம் போட்டிருந்தது.

"அந்தத் தொட்டி எங்கை?"

பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். தாங்கி நாலு கல்லின் மேல் நின்றது. கீழே மண் கறுத்துக் கிடந்தது.

"கட்டப் போறம்" என்றார் மனேஜர்.

அன்றைக்கே வெளிநாட்டிலிருந்து முதலாளியின் அழைப்பு.

"அக்கா, ஊருக்கு ஒரு நல்லது செய்ய வந்தால் இப்பிடித்தான் காலை வாருவியள். பிறகு ஊரிலை ஒருத்தருமில்லை எண்டு அழுவியள்."

"தம்பி, நீர் செய்யிற நல்லதை இஞ்சை இருக்கிற சனமெல்லோ குடிக்க வேண்டிக் கிடக்கு. ஒரு போத்தல் அனுப்பிவிடட்டோ?"

போனை வைத்துவிட்டார்.

பரமேசக்காவையும் ஒரு போத்தல் கிணற்றுத் தண்ணீரையும் கூட்டிக்கொண்டு கந்தோருக்குப் போனது இதற்குப் பிறகுதான். அங்கேதான் அந்தக் கடிதம்.

"அயலவை எல்லாரும் சம்மதிச்சிருக்கினம். நீங்களும்தான். இப்ப வந்து முறைப்பாடு எண்டால் எப்பிடி?" என்றார் அதிகாரி.

பரமேசக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடிதத்தை இழுத்துப் பார்த்தார்.

"இது நான் போட்டதில்லை" என்று அதிகாரியிடம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ போட்டனியோ?"

கம்பனியைத் திட்டித் திட்டி வந்தேனே, அவருடைய கிணற்றை முதலில் கொடுத்தது யார்?

"ஓம் அக்கா. அஞ்சும் நான்தான் போட்டனான்."

அதிகாரி பேனையைக் கீழே வைத்தார்.

"டீச்சர், இதை வெளியிலை சொல்லாதேங்கோ. மற்றவையின்ரை கையெழுத்தைப் போடுறது குற்றம். வில்லங்கம் உங்களுக்குத்தான். நான் கம்பனியோடை கதைச்சுத் தொட்டியைக் கட்டுவிக்கிறன். நீங்கள் பேசாமல் போங்கோ."

நல்ல மனிதர். என் நன்மைக்குத்தான் சொன்னார். ஆனால் "கட்டப் போறம்" என்ற பாட்டை நான் ஏற்கனவே கேட்டாயிற்றே!

"நான் பேசாமல் போனால் இந்தச் சம்மதம் செல்லும். அஞ்சும் நான் போட்டதெண்டு எழுதித் தந்தால்?"

அதிகாரி பைலைப் புரட்டினார். "செல்லாது. லைசன்ஸைத் திரும்பப் பாக்கவேணும். பாத்து முடியுமட்டும் அவை ஜெனரேற்றரை ஓட்ட ஏலாது."

"அப்ப ஒரு வெள்ளைக் கடதாசி தாங்கோ."

எழுதினேன். நாலு பேரின் அனுமதியில்லாமல் நாலு பேரின் கையெழுத்தையும் நானே போட்டேன், கடிதத்தை வாசிக்கவும் இல்லை என்று ஒன்றும் மறைக்காமல் எழுதினேன். பரமேசக்கா தன் முறைப்பாட்டைத் தனியாக எழுதினார். என் பேனையைக் கூட வாங்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில், பாலம் தாண்டியதும் பரமேசக்கா கையை நீட்டினார்.

"என்ரை சாவியைத் தா."

கொத்திலிருந்து கழற்றிக் கொடுத்தேன். கேட்டது அவர் உரிமை.

வெள்ளிக்கிழமை அதிகாரிகள் வந்தார்கள். கறுத்த மண்ணைப் பார்த்தார்கள், கிணற்றுத் தண்ணீரை எடுத்துக்கொண்டு போனார்கள், ஜெனரேற்றரை நிறுத்தினார்கள். இப்போது தொட்டி கட்டுகிறார்கள், புகைக்குழாயை உயர்த்துகிறார்கள். கிணற்றை இறைத்துக்கொண்டிருக்கிறோம். மணம் இன்னும் முழுதாகப் போகவில்லை. அது போகும்வரை கம்பனி பவுசர் வண்டியில் தண்ணீர் கொண்டுவர வேண்டும் என்பது உத்தரவு.

நான் டேற்றா சென்ரருக்கு எதிரி இல்லை. வரட்டும், நாலு பேருக்கு வேலை கிடைக்கட்டும். கணினிக்கு ஒரு நொடி கரண்ட் நிற்கக் கூடாது என்று இவ்வளவு பாடுபடுகிறவர்கள், பரமேசக்காவின் வாளிக்கு நல்ல தண்ணீர் வருவது நிற்கக் கூடாது என்பதற்கும் அதே பாடு படட்டும். அதைக் கேட்டால் ஊருக்கு எதிரி என்கிறார்கள். ஊர் என்பது யார்? பூட்டிய வீடுகளா, தண்ணீர் அள்ளுகிறவர்களா?

வெளிநாட்டிலிருந்து வாசிக்கும், என்னிடம் சாவி தந்தவர்களே, உங்கள் வீட்டைக் கூட்டுவேன், விளக்கு வைப்பேன். உங்களுக்காகத் தலையாட்ட மாட்டேன். புதிய சம்மதக் கடிதத்தோடு மனேஜர் உங்களைத் தனித்தனியாக அழைப்பார். முதலில் வாசியுங்கள்.

நேற்று எனக்கும் கடிதம் வந்தது. கையெழுத்து விஷயமாக விசாரணையாம். உறவினர் ஒருவர், தலைவலி என்று சொல்லிவிட்டுப் போகாமல் இரு என்கிறார். போவேன். கேட்பதற்கெல்லாம் பதில் சொல்வேன். எழுதிக் கேட்டால் எழுதிக் கொடுப்பேன்.

கீழே கையெழுத்தும் போடுவேன் — என்னுடையதை மட்டும்.