மூன்று துண்டு ஊசி

என் மேசை இழுப்பறையில் ஒரு தையல் ஊசி மூன்று துண்டாக வெள்ளை அட்டையில் ஒட்டியிருக்கிறது. ஒட்டியவர் மலேசியாவின் கிள்ளானில் எங்கள் தையல் ஆலையின் தரப் பரிசோதகர் அக்கா. ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடி அட்டையில் ஒட்டிய பிறகுதான் புது ஊசி தருவார். விதி எல்லா ஆலைக்கும் உண்டு. விடாப்பிடியாகக் காத்தவர் அவர்தான். மேற்பார்வையாளனான எனக்கு அது பெரிய தொல்லை.

ஆரம்பத்தில் நாங்கள் பள்ளிச் சீருடைதான் தைத்தோம். இராணுவத்துக்கு நம்மால் தைக்க முடியுமா என்று பலரும் உதட்டைப் பிதுக்கிய காலத்தில், ஐந்நூறு சட்டைக்கு ஒரு சோதனை ஆர்டர் வந்தது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் கோலாலம்பூர்க் கிடங்கில் சேர்க்க வேண்டும். தவறினால் பாதிப் பேருக்கு வேலை போய்விடும்.

வெள்ளி மதியம் அக்கா சாப்பிடப் போயிருந்தபோது ஓர் ஊசி உடைந்தது. முனை கிடைக்கவில்லை. அவசரத்தில் நானே புது ஊசி கொடுத்துவிட்டேன். லோரி கிளம்பும்போது, இரண்டு துண்டு மட்டும் ஒட்டிய அட்டையோடு அக்கா குறுக்கே வந்து நின்றார்.

"முனை எங்க, பாஸ்?"

"அட, விடுங்கக்கா! இன்னைக்குப் போகலன்னா ஆர்டர் போச்சு லா!"

"நம்ம சட்டையப் போட்டுக்கிட்டு ஒரு சிப்பாய் காட்டுல அசையாமப் படுத்துக் கிடப்பான். கழுத்துல குத்துனா என்ன செய்வான்? பெட்டிய இறக்குங்க."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் தையல்காரர்கள் எல்லாரும் எழுந்து அவர் பக்கம் போய்விட்டார்கள். ஐந்நூறு சட்டையும் காந்தத்தால் தடவப்பட்டன. முனை ஒரு கழுத்துப்பட்டை மடிப்புக்குள் இருந்தது. அதற்குள் கிடங்கு மூடிவிட்டது.

மறுநாள் நானும் அக்காவும் சட்டைகளோடு கிடங்குக்கு நேரில் போனோம். தாமதத்துக்குக் கத்திக்கொண்டிருந்த அதிகாரி முன் அக்கா அட்டையை வைத்தார். புது ஊசி கொடுத்தவர் கையெழுத்திடும் கட்டம் காலியாக இருந்தது. யார் கொடுத்தது என்று அதிகாரி கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். "எங்க தப்புதான் சார்," என்று மலாயில் சொன்னார் அக்கா. அதிகாரி மூன்று துண்டுகளையும் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு சட்டைகளை ஏற்றுக்கொண்டார். அடுத்த மாதம் முழு ஆர்டரும் வந்தது.

வெளியே வந்ததும் அட்டையை என்னிடம் நீட்டி, "அந்தக் கட்டத்த நான் நிரப்ப மாட்டேன் பாஸ்," என்றார். என்ன மனுஷி!

இப்போது அவர் ஓய்வு பெற்றுக் கேரி தீவில் மகளோடு இருக்கிறார். போன வாரம் கொம்யூட்டர் என்னும் புறநகர் ரயிலில் எதிரே ஓர் இளம் சிப்பாய், எங்கள் சட்டையில், கழுத்தைச் சாய்த்து அயர்ந்து தூங்கினான். வீட்டுக்கு வந்ததும் அட்டையை எடுத்தேன். இத்தனை வருடம் காலியாக இருந்த கட்டத்தில் என் பெயரை எழுதினேன்.