முதலில் எனக்குத்தான் கேட்கும்

ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரில், பழைய சாமான் சந்தையில் ஒரு சித்திரக்கதைப் புத்தகத்தைக் கண்டு நின்றுவிட்டேன். அட்டையில் அதிசய சக்தி பெற்ற பிரிட்டிஷ் உளவாளிகள். எவ்வளவு தூரத்துச் சத்தமும் அவர்களுக்குக் கேட்கும்.

யாழ்ப்பாணத்தில் கரண்ட் இருந்தவரை அவர்களைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். சண்டையில் கரண்ட் போனதும் சித்திரக்கதையில் படித்தோம். குண்டு போடும் விமானத்தின் இரைச்சல் வீட்டில் முதலில் எனக்குத்தான் கேட்கும். குளிக்கப் போகுமுன் அம்மா கேட்பார்:

"பிள்ளை, ஏதும் கேக்குதோ?"

"இல்லையம்மா. போய்க் குளியுங்கோ."

அவர் கிணற்றடியிலிருந்து திரும்பும்வரை பதுங்குகுழி வாசலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

"அம்மா, கை நோகுது, விடுங்கோ," என்றாள் சந்தையில் என் பக்கத்தில் நின்ற மகள். "என்ன நடந்தது?"

நான் வானத்தைப் பார்த்தேன். சற்றுப் பொறுத்துத்தான் கூரைகளுக்கு மேல் ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர் வந்தது. அப்போதுதான் மற்றவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.