மேகக் காவல்காரியின் வெள்ளி அங்கி

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்துவது அவள் வேலை. ஆறடிக்கு இரண்டு விரல்தான் குறைவு. பள்ளியில் ஒட்டடைக்கம்பு என்று பெயர் வைத்தார்கள். அன்று வளைந்த முதுகு நாற்பத்திரண்டு வயதாகியும் நிமிரவில்லை. வாசல் எவ்வளவு உயரமானாலும் குனிந்துதான் நுழைவாள்.

படக்கதை என்றால் அவளுக்கு உயிர். அதில் ஒன்றில் மேகங்களைக் காவல் காக்கும் நெட்டைப் பெண் ஒருத்தி வருவாள். வெள்ளி அங்கி தரையில் புரள, யாரிடமும் பேசாமல் வானத்தில் நடந்துகொண்டே இருப்பாள். வாசகர்கள் தங்களுக்குப் பிடித்த பாத்திரமாக வேடமிட்டு ஓரிடத்தில் ஒன்றுகூடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து இவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

மூன்று சனிக்கிழமைகள் பழைய துணிக்கடையில் அலைந்தாள். கடைசியில் அகப்பட்டது யாரோ ஒரு பருத்த மனிதர் கழித்துப்போட்ட கோட்டு, சேற்று நிறத்தில். வேண்டாமென்று திரும்ப மாட்டப்போனபோது முன்பக்கம் விரிந்தது. உள்ளே லைனிங் முழுக்க வெள்ளி, மழைக்கு முந்தைய வானம் மாதிரி. கோட்டைக் கையில் பிடித்தபடி வெகுநேரம் நின்றாள்.

"நீ சும்மா நின்னாலே ஊரே பாக்கும். இதுல வேஷம் வேறயா?" என்றாள், கூடவே வசிக்கும் அக்கா.

"பாத்துட்டுப் போகட்டும்க்கா."

கோட்டை உள்வெளியாகத் திருப்பிப் போட்டு, கைகளின் தையலைப் பிரிக்க உட்கார்ந்தாள். கத்தரிக்கோலை அவள் பிடித்த அழகைப் பார்க்கப் பொறுக்காமல் அக்காவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"தோள் மூட்டுல பிரிடி. துணிய வெட்டிட்டு அப்புறம் என்கிட்ட அழாத."

நீளம் போதவில்லை. அதே கடையில் வாங்கிய சாம்பல் நிற ஜன்னல்திரைகள் இரண்டை அடியில் சேர்த்துத் தைத்தார்கள். பிரித்த கைகளுக்கு எலாஸ்டிக் கோத்துச் செருப்பின்மேல் கணுக்காலில் மாட்டியதும் அவை பூட்ஸுகளாகிவிட்டன. பிற்பகல் வெயில் திரையின் நெசவுக்குள் நுழைந்து தரையெல்லாம் மிதந்தது.

கூட்டத்தில் முதல் ஒரு மணி நேரம் யாருக்கும் அவள் யாரென்று புரியவில்லை. "நீங்க குடையா?" என்று ஒருவர் மரியாதையாகவே கேட்டார். சுவரோரம் ஒதுங்கப்போன அவளை யாரோ தோளுக்குக் கீழே தட்டினார்கள். திரும்பினால் இன்னொரு மேகக் காவல்காரி. குள்ளமாக, உருண்டையாக, படுக்கை விரிப்பில் தைத்த அங்கியோடு.

அந்தப் பெண் அண்ணாந்து பார்த்தாள். "நீங்கதான் அசல். நான் துவைச்சதுல சுருங்கிப்போனவ."

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். படம் எடுக்க ஒருவர் வந்தபோது இவள் பழக்கத்தில் குனிந்தாள்.

"எனக்காகக் குனியாதீங்க. நிமிந்து நில்லுங்க, மேகம் தலையில இடிக்கட்டும்" என்றாள் அந்தப் பெண்.

நிமிர்ந்தாள். கழுத்தெலும்பு சொடக்கென்றது. கூடத்தின் அந்தக் கோடிவரை எல்லாத் தலைகளும் தெரிந்தன. அத்தனைபேரின் உச்சிவகிடுகளும் ஒற்றையடிப் பாதைகளாகத் தோன்றின.

அந்தியில் அங்கியைக் கழற்றாமலே பஸ் ஏறினாள். பக்கத்து இருக்கைப் பெரியவர் திரைத்துணியின்மேல் உட்கார்ந்து, சற்றைக்கெல்லாம் தூங்கிப்போனார். அவளுடைய நிறுத்தம் வந்தது. துணியை இழுத்தால் விழித்துக்கொள்வார். வெளியே தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. அவர் தூங்கட்டும் என்று, அவள் இன்னும் மூன்று நிறுத்தங்கள் போனாள்.